நேரத்துக்கு மருந்து அடித்திருந்தால்

மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடியில் சுருள் பூச்சி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அதன் தாய் அந்துப்பூச்சியை வயலில், எங்கள் பக்கத்துப் பேச்சில் கொல்லையில், உயிரோடு பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வீர்கள். தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் நானும் பார்த்ததில்லை. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சாம்பல் நிறம், இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு. செடியைக் காலால் தட்டினால் நாலைந்து எழும்பி இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்துகொள்ளும். இத்துனூண்டு பூச்சி ஒரு ஏக்கரைத் தீய்த்துவிடும் என்றால் பட்டணத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கதைக்கு வேண்டும். முட்டை இலையின் அடிப்பக்கம் இருக்கும். பொரித்து வரும் புழு இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவில் புகுந்து பச்சையைத் தின்னும். அப்போது வெளியே தெரிவது சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டு மட்டும்தான். ஒரு வாரம் போனால் புழு வெளியே வந்து இலையை மடித்து, நூலால் கட்டி, உள்ளே குடியிருக்கும். அதற்கப்புறம் ரோட்டில் இருந்து பார்த்தாலே கொல்லை நெருப்பு பட்ட மாதிரி இருக்கும்.

முதல் வாரத்தில் தெரிகிற அந்தப் பழுப்புப் பொட்டும், பூஞ்சாணத்தால் வருகிற இலைப்புள்ளியும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பூஞ்சாணம் என்றால் பொட்டு கறுப்பாகவே நிற்கும். பூச்சி என்றால் அந்த இடம் எண்ணெய்க் காகிதம் மாதிரி வெளிச்சம் விடும், உள்ளே மெல்லிசாகப் புழு தெரியும். பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியை நான் செலவழிக்கவில்லை. ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருப்பது அதற்காக இல்லை. அது பின்னால் வருகிறது.

"உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார், புதுசா வந்தவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று துறையில் கேட்டார்கள். ஊக்கம் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்திருக்கிறேன். நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அதையெல்லாம் என் பணி நிறைவு விழாவில் மாலை போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

என் கடைசிப் பொறுப்பு பிரம்மதேசத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள். திண்டிவனத்தில் வீடு, தினமும் பைக். அங்கே ஆரோக்கியமேரி என்று ஒரு பெண்மணி. வயது நாற்பத்தைந்து இருக்கும். காலனியில் வீடு. வீட்டுக்காரர் திண்டிவனத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மேரி பன்னிரண்டு வயதிலிருந்து ஊரார் கொல்லைகளில் களை எடுத்தவர். அந்த வட்டாரத்தில் மேரி குனிந்து நடக்காத மல்லாட்டைக் கொல்லை கிடையாது. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது.

அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொடுத்தவர் ராமமூர்த்தி, ஊரில் நிலபுலன் உள்ளவர். கிணறும் மோட்டாரும் அவருடையது. பக்கத்தில் அவருடைய சொந்தக் கொல்லை இரண்டு ஏக்கர், அதிலும் மல்லாட்டைதான். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சு. இந்த ஒரு போகம் பயிரை நன்றாகக் கொண்டுவந்தால் தொடர்ந்து மூன்று வருடம் மேரிக்கே, சரியில்லை என்றால் அத்தோடு சரி. ராமமூர்த்தியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். காலனி ஆளுக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு, நிலம் கொடுத்ததற்காக அவருடைய பங்காளிகளே அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

விதைத்த அன்று மேரி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இந்த ஒரு போகம் நின்னுட்டா போதும் சார். அப்புறம் நான் கூலிக்கிப் போவ மாட்டேன். அறுவது வயசு வரைக்கும் அடுத்தவங்க கொல்லையில குனிஞ்சிக்கினே இருக்க முடியாது சார், இடுப்பு போயிடுச்சி."

தை மாதம் விதைத்த பயிர். மாசியில் முப்பது முப்பத்தைந்து நாள் பயிராக நின்றது. நான் ஒரு தடவை ரோட்டில் இருந்தே பார்த்தேன். களை ஒன்று இல்லை. ஊரார் கொல்லையில் களை எடுத்த கை தன் கொல்லையில் எப்படி வேலை செய்யும் என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் விழுப்புரத்தில் விவசாயிகள் குறை கேட்கும் கூட்டம் ஒன்று. பெரிய அதிகாரிகள் மேடையில், நாங்கள் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த வரிசையில் எல்லோருடைய போனும் மடியில்தான் இருக்கும். அப்போது நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. விவசாயிகள் அடிக்கடி கேட்கிற விஷயங்களுக்குப் பதில்களை முன்பே தட்டச்சு செய்து போனில் சேமித்து வைத்திருப்பேன். இலைப்புள்ளிக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, இலை மஞ்சளாவதற்கு ஒன்று. போட்டோ வந்தால் பார்ப்பேன், பொருத்தமான பதிலை எடுத்து அனுப்புவேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய மாதம் ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவர் மாதிரி உடனுக்குடன் பதில் சொல்லணும்" என்று பாராட்டியிருந்தார்கள். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

மேரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மல்லாட்டை இலை, மேல்பக்கம், பழுப்புப் பொட்டு. போட்டோவுக்குக் கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். கூட்டத்தில் வாய்ஸ் மெசேஜ் எப்படிக் கேட்பது? காலையில் பனி இறங்குகிற மாதம், இலைப்புள்ளி வர ஏற்ற காலம். யோசிக்கவே இல்லை. பூஞ்சாண மருந்துக்கான பதிலை எடுத்து அனுப்பினேன். கீழே ஒரு கும்பிடு படமும் போட்டேன். மேடையில் ஒரு விவசாயி ஏரி வரத்து வாய்க்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிட்டது.

சாயங்காலம் மேரி கூப்பிட்டார். நான் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒரே இரைச்சல்.

"சார், நீங்க அனுப்பினதத்தான் அடிக்கணுமா சார்?"

"அதத்தான்மா. நாளைக்கே அடிச்சிடுங்க, லேட் பண்ணாதீங்க."

ஒரு விநாடி அந்தப் பக்கம் பேச்சில்லை. "சரிங்க சார், நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு விநாடியை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் உரக் கிடங்கில் இருப்பு சரிபார்க்கும் வேலை, பயிர்க் கணக்கெடுப்பு என்று பதினோரு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை ராமமூர்த்தி போன் செய்தார். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"சார், நீங்க ஜல்தியா கொஞ்சம் கொல்லைக்கு வரணும். பயிரு முழுக்க எரிஞ்சி போயி நிக்கிது. நான் இன்னைக்கே ஒரு முடிவு எடுக்கணும்."

போனேன். ரோட்டில் வண்டியை நிறுத்தும்போதே தெரிந்தது. முழு ஏக்கரும் பழுப்பு. கிட்டே போய் உட்கார்ந்து ஒரு இலையைப் பிரித்தேன். மடித்த இலைக்குள் பச்சை நிறத்தில் புழு, தலை மட்டும் கறுப்பு. அடுத்த இலை, அதுவும் அப்படியே. மூன்றாவதில் கூட்டுப்புழு. நான் அனுப்பிய பூஞ்சாண மருந்துக்கு இந்தப் புழு தும்மல்கூடப் போட்டிருக்காது.

செடியின் நடுக் குருத்தைப் பார்த்தேன். குருத்து பச்சையாக இருந்தது. அடியில் மண்ணைக் கிளறினேன். பூவில் இருந்து இறங்குகிற விழுதுகள் மண்ணுக்குள் போக ஆரம்பித்திருந்தன. அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சரியான மருந்தை அன்றைக்கே அடித்து, ஒரு தண்ணீர் கட்டினால், செடி புது இலை விடும். முழு விளைச்சல் வராது. பாதி தேறும். பாதி என்றாலும் மேரி அந்த நிலத்தில் நிற்கலாம்.

நான் எழுந்தபோது எதிரில் இரண்டு பேரும் நின்றார்கள். ராமமூர்த்தி வரப்பின் மேல். மேரி கீழே, கொல்லைக்குள், கையில் போனைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் ராமமூர்த்தியின் இரண்டு ஏக்கர் பச்சைப்பசேல் என்று இருந்தது. அது பதினைந்து நாள் பின்னால் விதைத்த பயிர்.

ராமமூர்த்தி ஆரம்பித்தார். "சார், இந்த அந்து நாளைக்கி என் கொல்லைக்குத்தான் வரும். அதுக்குள்ள இத உழுதுடணும்னு சொல்றேன். இவ மாட்டேங்கிறா."

"ஐயா, ஒரு வாரம் டைம் குடுங்க ஐயா. குருத்து நல்லாத்தான் இருக்குது" என்றார் மேரி.

"ஒரு வாரம் குடுத்தா ஊரே எரிஞ்சிடும். எங்க பங்காளிங்கோ அப்பவே சொன்னானுங்கோ, களை எடுக்கிறது வேற, பயிரு வெக்கிறது வேறன்னு. நான்தான் கேக்கல." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். இவ நேரத்துக்கு மருந்து அடிச்சிருந்தா இப்படி ஆவுமா?"

கேள்வி இவ்வளவுதான். பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அதற்குள் என் மண்டையில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். ராமமூர்த்தி விஷயத்தை மேலே கொண்டுபோகிற ஆள். ஒரு புகார், ஒரு விளக்கக் கடிதம், அதன் பேரில் ஒரு விசாரணை வந்தால் ஓய்வூதியம் இழுத்துக்கொண்டு போகும். அது போக, அதே பதிலை அந்த வாரம் இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரிடம் ஒத்துக்கொண்டால் எல்லோரும் வருவார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கைத்தட்டு வாங்கியதும் ஞாபகம் வந்தது. இவ்வளவும் வந்தது. எதிரில் நின்ற பெண்மணியின் இடுப்பு வலி மட்டும் வரவில்லை.

"நேரத்துக்கு மருந்து அடிச்சிருந்தா கட்டுப்படுத்தியிருக்கலாம்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நீங்கள் எந்த அதிகாரியிடம் வேண்டுமானாலும் காட்டலாம், ஒரு எழுத்துத் தப்பு கண்டுபிடிக்க முடியாது. சரியான மருந்தை நேரத்துக்கு அடித்திருந்தால் கட்டுப்படுத்தியிருக்கலாம்தான். நான் பொய் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை.

"கேட்டியா?" என்றார் ராமமூர்த்தி.

மேரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போல முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் காலில் ஒட்டியிருந்த மண்ணை வரப்பில் தேய்த்தேன். பிறகு, நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த வசனத்தைச் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணிக்குங்க."

ஒரு ஆளிடம் நிலம், கிணறு, மோட்டார் மூன்றும் இருக்கிறது. இன்னொரு ஆளிடம் ஒரு போன் இருக்கிறது. இரண்டு பேரும் என்னத்தைப் பேசி முடிவு பண்ணுவார்கள்? இந்த வசனத்தை இனிமேல் சொல்லாதீர்கள். தெரிந்த பதிலை வாயில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறவன், பலம் உள்ளவன் பக்கம் முடிவைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறான்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. எடுத்துப் போட்டேன். காற்று இரைச்சலோடு மேரியின் குரல்.

"சார், பிரம்மதேசம் மேரி பேசறேன். மல்லாட்டை இலையில பொட்டுப் பொட்டா வருது சார். வெரல்ல தேய்ச்சா உள்ள ஏதோ நெருடுது. இலைய சுருட்டுமே, அந்தப் பூச்சி மாரி தெரியிது. காலால தட்டினா சாம்பலாட்டம் பறக்குது சார். போட்டோவுல அது தெரியல. பாத்து சொல்லுங்க சார்."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை. பூச்சியைக் கண்டுபிடித்து, அடையாளம் சொல்லி, போட்டோவில் என்ன தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். படித்து, பரீட்சை எழுதி, முப்பத்திரண்டு வருடம் சர்வீஸ் போட்ட நான் அதைக் கேட்காமலே அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் அந்த அம்மா என் மருந்தை அடித்திருக்கிறார். அதிகாரி சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக. என் மனைவி ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

இங்கே இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் கிளியனூர் பக்கம் எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். சிடுமூஞ்சி. அவரிடம் நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளக் கூடாது என்றே இருந்தேன். ஒரு முறை அந்த ஊரில் மல்லாட்டை மஞ்சளானபோது இரும்புச் சத்துக் குறைவு என்று ஊரைக் கூட்டிச் சொல்லித் தெளிக்க வைத்தார். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வேரில் புழு. அன்று ரேஷன் கடையில் ஊரே வரிசையில் நிற்கிறது. நேரே அங்கே போய் நின்று, "போன வாரம் நான் சொன்னது தப்பு. வேர்ல புழு இருக்குது. நான் பார்க்காம சொல்லிட்டேன். இனிமே யாரும் அதத் தெளிக்காதீங்க" என்று சத்தமாகச் சொன்னார். ஒருவன் விசில் அடித்தான். நாலு பேர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போயிற்று.

திரும்பி வரும் வழியில், "எதுக்கு சார் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க? ரெண்டு பேர்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தப்ப எல்லார் முன்னாடியும்தானேய்யா சொன்னேன்?" என்றார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த ஊரில் அவருக்குப் 'பார்க்காம சொன்னவரு' என்றுதான் பெயர். ஆனால் செடியில் ஒன்று என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள், என்னைத் தேட மாட்டார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

ராமமூர்த்தியின் கொல்லையில் நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில் இந்த மனிதர் எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னை நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை.

மறுநாள் காலை பிரம்மதேசத்துக்குக் கிளம்பினேன். சரியான மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தேன். ராமமூர்த்தி வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது, குருத்து பச்சையாக இருக்கிறது, பாதி தேறும், உழ வேண்டாம் என்று சொல்வதாகத் திட்டம். கூட்டு ரோட்டில் டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். டீ குடித்தேன். யாரோ தெரிந்தவர் வந்து, "சார், நீங்க ரிட்டயர்டு ஆவும்போது பெருசா விழா எடுக்கணும், சங்கத்துல பேசிக்கினு இருக்கோம்" என்றார். அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் வண்டியைத் திண்டிவனம் பக்கம் திருப்பினேன். எதற்காகத் திருப்பினேன் என்று காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. அலுவலகத்தில் அவசர வேலை இருந்தது. அவசர வேலை எப்போதும்தான் இருக்கும்.

அதற்கு அடுத்த நாள் டிராக்டர் இறங்கிவிட்டது. மேரி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். அழவில்லையாம், சத்தம் போடவில்லையாம். உழுது முடித்ததும் இறங்கிப் போய், மண்ணில் கிடந்த செடிகளைக் கட்டாகக் கட்டி மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாராம்.

அப்படி உழுதும் பதினைந்து நாளில் ராமமூர்த்தி கொல்லைக்கு அந்து வந்தது. காற்று எங்கிருந்தோ கொண்டுவந்தது. அந்த முறை நானே போய் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்து, சரியான மருந்தைச் சொன்னேன். அவர் பயிர் பிழைத்தது. "சார் இல்லன்னா என் கதை முடிஞ்சிருக்கும்" என்று ஊரில் நாலு பேரிடம் சொன்னார். என் பணி நிறைவு விழாவிலும் வந்து சொன்னார். மைக்கில்.

இலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பது, வாய்ஸ் மெசேஜைக் கடைசிவரை கேட்பது, கொல்லைக்குள் இறங்காமல் மருந்து சொல்லாதது, இதையெல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நீங்களும் தப்பு செய்வீர்கள். செய்யாத ஆளே நம் துறையில் கிடையாது. தப்பு செய்த அன்று, அந்த இடத்திலேயே, அதைக் கேட்க வேண்டியவர்கள் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். பிறகு என்று ஒன்று கிடையாது என்பதை எனக்குக் காட்டியவர் மேரிதான்.

ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம் இருக்கும். அடுத்த தைப் பட்டப் பயிர் எல்லா இடத்திலும் பச்சையாக நின்றது. வீட்டில் உட்கார முடியவில்லை. நெஞ்சில் அது ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு பிரம்மதேசம் போனேன். அந்த ஒரு ஏக்கரில் ராமமூர்த்தியே மல்லாட்டை போட்டிருந்தார். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் மேரி.

வரப்பில் நின்று கூப்பிட்டேன். இடுப்பில் ஒரு கையை வைத்து மெதுவாக நிமிர்ந்து, என்னைப் பார்த்ததும் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். நல்லா கீறீங்களா? அம்மா நல்லா கீறாங்களா?"

"மேரிம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி நான் அனுப்பின மருந்து தப்பு. பூச்சிக்கு அது கேக்காது. பயிர் போனது என்னால. உங்க மேல தப்பே இல்ல."

"தெரியும் சார்" என்றார்.

அவரே மேலே சொன்னார்.

"நீங்க போன்ல அனுப்பினது அப்படியே இருந்திச்சி சார். அவரு என்னத் திட்டிக்கினு இருக்கும்போது அதக் கையிலதான் வெச்சிக்கினு நின்னேன். காட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"ஏம்மா காட்டல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்கு அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

"நான் இப்ப நேரா அவர் வீட்டுக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். நிலத்தத் திரும்பக் குடுக்கச் சொல்றேன்" என்றேன்.

மேரி பதறிப் போனார். அன்று டிராக்டர் வந்தபோதுகூட இப்படிப் பதறியிருக்க மாட்டார்.

"அய்யோ, வேணாம் சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அடுத்த போகத்துலேர்ந்து கொல்லைய அவரு சம்மந்தி பையனுக்கு விடறதா பேசியாச்சி, அது ஒண்ணும் திரும்பி வராது. அவருக்கு இப்பதான் என் மேல கோவம் தணிஞ்சி களைக்குக் கூப்பிட்டுக்கினு இருக்காரு. இப்பப் போயி நீங்க சொன்னா, இத்தினி நாளா போன்ல வெச்சிக்கினு ஏன் சொல்லல, என்ன உழ வெச்சி வேடிக்க பாத்தியான்னு என்னத்தான் கேப்பாரு. இந்தக் கூலியும் பூடும் சார்."

"மேரிம்மா..."

"அதோ, அவரே வர்றாரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

சொன்னபடியே கையைக் கூப்பினார். கையில் களைவெட்டி இருந்தது, விரல்களில் மண். பிறகு திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் குனிந்துகொண்டார். மற்றவர்கள் இரண்டு பாத்தி முன்னால் போயிருந்தார்கள்.

ராமமூர்த்தி வரப்பில் வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! இன்னா சார், ரிட்டயர்டு ஆயியும் எங்கள விட மாட்டேங்கிறீங்க. இன்னா விஷயம்?"

மேரியின் களைவெட்டிச் சத்தம் நின்றது. அவர் நிமிரவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான் வந்தேன்" என்றேன்.

களைவெட்டிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.